அபினியைக் கடலில் கரைத்த லின் சே-சூ

சீன தேசத்தை ஒரு காலத்தில் புகை ஆட்டிப் படைத்தது. அது அடுப்புப் புகை அல்ல, அபினிப் புகை!

அந்தப் புகையை எதிர்த்து நின்றவர் லின் சே-சூ. இருபதாயிரம் பெட்டி அபினியைக் கடலில் கரைத்தவர் என்று உலகம் அவரை அறியும். அதற்கு முன்பே அவர் இன்னொரு காரியம் செய்தார். அபினிக்கு அடிமையானவர்களுக்கு மருந்து கொடுத்தார். திருந்துவதற்குத் தவணையும் கொடுத்தார். இது பலருக்குத் தெரியாது.

காகிதப் பூ

லின் சே-சூ பிறந்தது 1785-ம் ஆண்டு ஆகஸ்டு 30-ந் தேதி. ஊர், சீனாவின் தென்கிழக்குக் கரையில் உள்ள பூசோ. தந்தை ஏழை ஆசிரியர். அவர் வருமானம் வீட்டுக்குப் போதவில்லை. தாய் காகிதப் பூ செய்து விற்றார். அந்தக் காசும் சேர்ந்துதான் அடுப்பு எரிந்தது.

பையன் படிப்பில் கெட்டிக்காரன். அந்தக் காலத்துச் சீனாவில் அரசாங்க உத்தியோகம் வேண்டுமானால் தேர்வு எழுத வேண்டும். கடைசித் தேர்வு மிகவும் கடினம். தலை நரைக்கும்வரை எழுதித் தோற்றவர்கள் உண்டு. லின் 1811-ம் ஆண்டு, தமது 26-ம் வயதில் அதில் வெற்றி பெற்றார்.

பிறகு பல மாகாணங்களில் வேலை பார்த்தார். வெள்ளம் வந்தால் கரையில் நிற்பார். பஞ்சம் வந்தால் வரியைக் குறைக்கும்படி சக்கரவர்த்திக்கு எழுதுவார். லஞ்சம் வாங்கமாட்டார். வழக்குகளில் நீதி தவறமாட்டார். மேகம் இல்லாத வானத்தைப் போன்றவர் என்ற பொருளில், தெளிந்த வானம் லின் என்று ஜனங்கள் அவருக்குப் பெயர் வைத்தார்கள்.

கும்பினியின் சரக்கு

சீனாவுக்கு அபினி எங்கிருந்து வந்தது? நம் இந்தியாவிலிருந்துதான்!

அப்போது வட இந்தியாவில் கிழக்கிந்தியக் கும்பினியின் ஆட்சி நடந்தது. பீகாரிலும் காசிப் பக்கத்திலும் விவசாயிகள் கசகசாச் செடி பயிர் செய்தார்கள். அதன் காயைக் கீறினால் பால் வடியும். அந்தப் பால் இறுகினால் அபினி. அதற்குக் கும்பினி சொன்னதுதான் விலை. பாட்னாவிலும் காஜிப்பூரிலும் பெரிய தொழிற்சாலைகள் இருந்தன. அங்கே அபினியை உருண்டை பிடித்து, கசகசாப் பூவின் இதழ்களால் போர்த்தினார்கள். பெட்டிக்கு 40 உருண்டை. ஒரு பெட்டியின் எடை ஏறக்குறைய 63 கிலோ.

பெட்டிகளைக் கும்பினி கல்கத்தாவில் ஏலம் விட்டது. தனி வியாபாரிகள் ஏலம் எடுத்துக் கப்பலில் ஏற்றினார்கள். சீனாவில் அபினிக்குத் தடை இருந்தது. அதனால் கரைக்கு அப்பால், கடலிலேயே கள்ளத்தனமாக விற்றார்கள். சீனக் கள்ளக் கடத்தல்காரர்கள் வேகமான படகுகளில் வந்து வாங்கிப் போனார்கள். பல அதிகாரிகள் லஞ்சம் வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்கள்.

ஏன் இத்தனை பாடு? இங்கிலாந்துக்குத் தேயிலை வேண்டும். சீனா அதற்கு வெள்ளி கேட்டது. வெள்ளி கொடுத்து மாளவில்லை. அபினியை விற்றால் கொடுத்த வெள்ளியும் திரும்பி வரும், லாபமும் வரும். இதுதான் கணக்கு!

1838-ல் சீனாவுக்குள் போன அபினி ஆண்டுக்கு ஏறக்குறைய 40,000 பெட்டி. பணக்காரன் புகைத்தான், படை வீரன் புகைத்தான், கூலிக்காரனும் புகைத்தான்.

மூச்சை நிறுத்தும் விஷம்

அபினி வலியைப் போக்கும், தூக்கம் தரும். அளவோடு, மருத்துவர் கையில் இருக்கும்போது அது மருந்து. அளவு மீறினால் எமன். மூளையில் மூச்சை நடத்தும் இடத்தை அது மந்தப்படுத்துகிறது. மூச்சு மெதுவாகி, மெதுவாகி, கடைசியில் நின்றுவிடுகிறது. தூங்குபவர் தூங்கியபடியே போய்விடுவார்.

விட்டுவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். விட முடிவதில்லை. பழகிய உடம்புக்கு ஒரு நாள் அபினி கிடைக்காவிட்டால் கொட்டாவி வரும். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும். வயிறு முறுக்கும், பேதியாகும். எலும்பெல்லாம் வலிக்கும். அந்த வேதனை தாங்காமல் மறுபடி குழாயைத் தேடி ஓடுவார்கள். கட்டளை போட்டதால் மட்டும் இது நிற்காது.

மருந்தும் தவணையும்

1838-ல் சீனச் சக்கரவர்த்தி டாவோ குவாங் ஒரு யோசனையை எல்லா மாகாணத் தலைவர்களுக்கும் அனுப்பிக் கருத்துக் கேட்டார். அபினி புகைப்பவர்களுக்கு ஓராண்டு தவணை கொடுப்பது; அதற்குள் விடாவிட்டால் மரண தண்டனை விதிப்பது. இதுதான் யோசனை.

பெரும்பாலோர் இதை ஆதரிக்கவில்லை. ஆதரித்த சிலரில் லின் ஒருவர். அப்போது அவர் ஹூபே, ஹூனான் என்ற இரு மாகாணங்களுக்கும் தலைவர். அவர் தண்டனையை ஆதரித்ததோடு நிற்கவில்லை. அந்த ஓராண்டில் என்ன செய்ய வேண்டும் என்பதையும் எழுதினார். புகைக்கும் குழாய்களைப் பறிக்க வேண்டும். ஆண்டை நான்கு தவணைகளாகப் பிரிக்க வேண்டும். முதல் தவணையிலேயே வந்து திருந்துபவரை மன்னிக்க வேண்டும். காலம் போகப்போகத் தண்டனையைக் கூட்ட வேண்டும். விற்பவர்களையும், துணை போகும் அதிகாரிகளையும் விடக்கூடாது. கடைசியாக, அடிமையானவர்களுக்கு மருந்து கொடுக்க வேண்டும்!

என்ன மருந்து? அதன் செய்முறையையும் தமது கடிதத்தோடு சேர்த்து அனுப்பினார்.

இரண்டு வகை மாத்திரைகள். முதல் வகையில் ஜின்செங் வேர், அதிமதுரம் முதலிய மூலிகைகளோடு, குழாயில் எஞ்சும் அபினிச் சாம்பலும் கொஞ்சம் சேரும். இரண்டாவது வகையில் அபினியே கிடையாது. உடம்புக்குத் தெம்பு தரும் மூலிகைகள் மட்டும். நோயாளி முதல் வகையில் தொடங்குவார். பிறகு நாளுக்கு ஒரு மாத்திரையாக அதைக் குறைத்து, அந்த இடத்தில் இரண்டாவது வகை மாத்திரை இரண்டு சாப்பிடுவார். இப்படிப் படிப்படியாக அபினி குறையும், உடம்பு அலறாது. கடைசியில் அபினி இல்லாத மாத்திரை மட்டும் மிஞ்சும். பிறகு அதையும் விட்டுவிடலாம். ஏழைகளுக்காகச் செலவு குறைந்த வேறு இரண்டு மருந்துகளையும் எழுதியிருந்தார்.

வெறும் எழுத்தோடு நிற்கவில்லை. வூசாங், ஹாங்கோ நகரங்களில் மாத்திரை தயாரித்துக் கொடுக்கச் செய்தார். ஆயிரக்கணக்கான குழாய்களைப் பறித்து உடைத்தார்.

ஒரு நாள் வயதான பெண்கள் வழியில் மண்டியிட்டு லின்னை வணங்கினார்கள். தங்கள் கணவனும் மகனும் பல ஆண்டுகளாக அபினியில் கிடந்ததையும், மருந்து சாப்பிட்டு விட்டுவிட்டதையும், உடம்பு தேறி வருவதையும் சொன்னார்கள். லின் இதைச் சக்கரவர்த்திக்கு எழுதினார்.

கான்டன் பயணம்

சக்கரவர்த்தி லின்னைத் தலைநகரான பீக்கிங்குக்கு அழைத்தார். பல நாட்கள் தொடர்ந்து பேசினார். அரண்மனைக்குள் குதிரை மீது வரும் அபூர்வமான உரிமையையும் கொடுத்தார். 1838 டிசம்பர் கடைசி நாளில் அவரைச் சிறப்பு அதிகாரியாக நியமித்தார். தெற்கே கான்டன் துறைமுகத்துக்குப் போய் அபினி வியாபாரத்தை ஒழிக்க வேண்டும். இதுதான் கட்டளை. வெள்ளைக்கார வியாபாரிகள் தங்க அனுமதி பெற்றிருந்த ஒரே துறைமுகம் கான்டன்.

பயணம் இரண்டு மாதம். பெரிய அதிகாரி வருகிறார் என்றால் வழியெல்லாம் விருந்து வைப்பது வழக்கம். விருந்து வேண்டாம், சாதாரணச் சாப்பாடு போதும் என்று லின் முன்கூட்டியே கட்டளை அனுப்பிவிட்டார்.

1839 மார்ச் 10-ந் தேதி கான்டன் வந்து சேர்ந்தார். முதலில் தம் நாட்டாரைத்தான் கவனித்தார். சுமார் 600 மாணவர்களை ஒரு தேர்வுக்கு அழைத்தார். கேள்வித்தாளைப் பார்த்த மாணவர்களுக்குத் திகைப்பு! அபினி விற்பவர்கள் யார், அதைத் தடுக்க என்ன வழி என்று கேட்டிருந்தார் லின். ஊரில் ஐந்து பேருக்கு ஒரு குழு. குழுவில் ஒருவரும் புகைக்காமல் பார்த்துக்கொள்வது மற்றவர் பொறுப்பு. சில மாதங்களில் 1,600 பேருக்கு மேல் கைதானார்கள். 40,000-க்கும் அதிகமான குழாய்கள் பறிமுதலாயின.

பிறகு வெள்ளைக்காரர்களிடம் வந்தார். கையில் இருக்கும் அபினி முழுவதையும் ஒப்படைக்க வேண்டும். இனிக் கொண்டு வருவதில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அவர்கள் காலம் கடத்தினார்கள். உடனே லின் அவர்கள் தங்கிய கட்டிடங்களைச் சுற்றிக் காவல் போட்டார். சுமார் 350 பேர் உள்ளே அகப்பட்டார்கள். சீன வேலைக்காரர்கள் வெளியேறினார்கள். கோடீசுவர வியாபாரிகள் தாங்களே சமைத்துச் சாப்பிட்டார்கள்!

கடைசியில் பிரிட்டிஷ் அதிகாரி சார்லஸ் எலியட் பணிந்தார். 20,283 பெட்டிகளை ஒப்படைக்கச் சம்மதித்தார். பதிலுக்குப் பெட்டிக்கு மூன்று கிலோ வீதம் தேயிலை தருவதாக லின் சொன்னார். எலியட் தம் நாட்டு வியாபாரிகளுக்கு வேறொரு வாக்குக் கொடுத்திருந்தார். நஷ்டத்தைப் பிரிட்டிஷ் அரசாங்கம் ஈடுகட்டும் என்பது அந்த வாக்கு. அந்த வாக்கில்தான் யுத்தத்தின் விதை இருந்தது.

23 நாள் வேலை

ஹூமென் என்ற கடலோர ஊரில் பெரிய குழிகள் வெட்டப்பட்டன. அபினியை எரித்தால் அது உருகி மண்ணில் ஊறும். மண்ணைத் தோண்டி எடுத்துக் காய்ச்சிவிடுவார்கள். ஆகவே வேறு வழி செய்தார்கள். குழியில் தண்ணீர் நிரப்பி உப்பைக் கொட்டினார்கள். அபினி உருண்டைகளை உடைத்துப் போட்டு ஊற விட்டார்கள். அதன் மேல் சுண்ணாம்பைக் கொட்டினார்கள். குழி கொதித்துப் பொங்கியது. நாற்றம் குடலைப் பிடுங்கியது. கடல் வற்றும் நேரம் பார்த்து மதகைத் திறந்து கரைசலைக் கடலுக்குள் விட்டார்கள்.

இதற்கு முன் லின் கடல் தேவதைக்குப் பூசை செய்தார். கடலைக் கெடுப்பதற்காக மன்னிப்புக் கேட்டார். மீன்களும் மற்றப் பிராணிகளும் கொஞ்ச காலம் விலகிப் போகும்படி வேண்டிக்கொண்டார்.

1839 ஜூன் 3-ந் தேதி தொடங்கிய வேலை ஜூன் 25-ந் தேதி முடிந்தது. கரைந்த அபினி 10 லட்சம் கிலோவுக்கும் அதிகம். வெளிநாட்டார் சிலரும் வந்து பார்த்தார்கள். லின் அபினியை ஒளித்து வைத்து விற்றுவிடுவார் என்று பேசியவர்கள் உண்டு. வந்து பார்த்தவர்கள் அந்தப் பேச்சு பொய் என்று கண்டார்கள்.

இங்கிலாந்து அரசி விக்டோரியாவுக்கும் லின் ஒரு கடிதம் எழுதினார். பிற நாட்டார் தீங்கு தரும் பொருளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் விற்றால் அரசி பொறுப்பாரா என்று கேட்டிருந்தார். அந்தக் கடிதம் அரசியின் கைக்குப் போய்ச் சேரவில்லை என்றே தெரிகிறது.

டாக்டரிடம் கேட்ட கேள்வி

சரக்கு அழிந்தது. அடிமையானவர்கள் என்ன ஆவார்கள்? லின்னுக்கு அந்தக் கவலை இருந்தது.

கான்டனில் பீட்டர் பார்க்கர் என்ற அமெரிக்க டாக்டர் 1835 முதல் ஆஸ்பத்திரி நடத்தி வந்தார். 1839 ஜூலையில் லின் அவரிடம் ஆள் அனுப்பினார். அபினிப் பழக்கத்தை அறவே போக்க ஒரே மருந்து உண்டா என்று கேட்டார். அப்படி ஒரு மருந்து இல்லை, ஒவ்வொரு நோயாளியையும் தனியே பார்த்துத்தான் வைத்தியம் செய்ய வேண்டும் என்று டாக்டர் விளக்கினார். லின்னுக்கும் குடலிறக்க நோய் இருந்தது. நேரில் போகாமலே டாக்டரிடமிருந்து கட்டுப்பட்டை வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அந்த ஆண்டு வந்த புதிய சட்டம், புகைப்பவர்களுக்கு ஒன்றரை ஆண்டு தவணை கொடுத்தது. அந்தத் தவணை முடியும் முன்பே யுத்தம் வந்துவிட்டது.

யுத்தமும் தண்டனையும்

1840 ஜூனில் பிரிட்டிஷ் போர்க் கப்பல்கள் சீனக் கரைக்கு வந்தன. கும்பினியின் இந்தியச் சிப்பாய்களும் அந்தப் படையில் இருந்தார்கள். சென்னைக் காலாட்படைப் பிரிவு ஒன்றும் போயிருந்தது. சீனாவின் பழைய பீரங்கிகள் புதிய கப்பல்களின் முன்னே நிற்கவில்லை. சக்கரவர்த்தி பயந்தார். பழி லின் தலையில் விழுந்தது! அந்த ஆண்டே பதவி பறிபோனது. 1841-ல், சீனாவின் மேற்குக் கோடியில் உள்ள இலி என்ற இடத்துக்குப் போகும்படி நாடு கடத்தினார்கள்.

போகும் வழியில் மஞ்சள் ஆறு கரையை உடைத்து கைபெங் நகரைச் சூழ்ந்துகொண்டது. லின்னுக்கு வெள்ள வேலை அத்துப்படி. உடைப்பை அடைக்க அவரை நிறுத்தினார்கள். மாதக்கணக்கில் பாடுபட்டார். கரை அடைபட்டது. மன்னிப்புக் கிடைத்ததா? இல்லை! மறுபடி இலிக்குப் பயணம்.

1842 ஆகஸ்டு 29-ந் தேதி நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. சீனா 2 கோடியே 10 லட்சம் வெள்ளி டாலர் கொடுக்க வேண்டும். அதில் 60 லட்சம், கடலில் கரைத்த அபினிக்கு விலை! ஹாங்காங் தீவும் போயிற்று.

பாலைவனத்தில் லின் சும்மா இருக்கவில்லை. தரிசு நிலங்களை அளந்தார். பூமிக்கு அடியில் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டு வரும் கிணறுகளைப் பரப்பினார். அங்குள்ள ஜனங்கள் அவற்றை லின் கிணறு என்றே அழைத்தார்கள்.

1845-ல் மன்னிப்பு வந்தது. மறுபடி மாகாணத் தலைவரானார். 1849-ல் உடல் நலம் கெட்டு ஓய்வு பெற்றார். 1850-ல் குவாங்சி மாகாணத்தில் கலகம் மூண்டது. அடக்கச் சொல்லி அழைப்பு வந்தது. நோயோடு புறப்பட்டார். வழியிலேயே, நவம்பர் 22-ந் தேதி உயிர் பிரிந்தது. வயது 65.

லின்னுக்குப் பிறகு

அவர் இறந்தபோது அபினி ஒழியவில்லை. 1858-ல் சீனா அதைச் சட்டப்படி அனுமதிக்க நேர்ந்தது. பின்னர் சீனாவிலேயே கசகசாப் பயிர் பெருகியது. 1907-ல்தான் இந்திய அபினியை ஆண்டுதோறும் குறைக்க உடன்பாடு ஏற்பட்டது. பிறகு அந்த ஏற்றுமதி நின்றது.

லின் செய்தது எல்லாம் சரியா? மரண தண்டனையை அவர் நம்பினார். தண்டனைக்குப் பயந்து நோயாளிகள் ஒளிந்துகொள்வார்கள் என்பதை இன்றைய சுகாதாரத் துறையினர் அறிவார்கள். அவருடைய மாத்திரையிலும் அபினியின் அளவு திட்டமாக இல்லை. பிற்காலத்தில் அபினியை ஒழிக்கும் மாத்திரை என்று பெயர் போட்டு, உள்ளே மார்பினைக் கலந்து விற்ற வியாபாரிகள் புதிய அடிமைகளை உண்டாக்கினார்கள்.

ஆனால் அவர் பிடித்த நூலின் ஒரு முனை சரியானது. உடம்பைப் பதறவிடாமல், அளவு தெரிந்த மருந்தைக் கொடுத்துப் போதையிலிருந்து மீட்க வேண்டும் என்பதை இன்றைய மருத்துவம் ஒப்புக்கொள்கிறது. அபினி இனத்துப் போதைக்கு அடிமையானவர்களுக்கு மெதடோன், புப்ரெனார்பின் என்ற மருந்துகளை டாக்டர்கள் கொடுக்கிறார்கள். இந்தியாவிலும் இந்த வைத்தியம் உண்டு. சிலருக்கு இது மாதக் கணக்கில் போதும். சிலருக்கு ஆண்டுக் கணக்கில் தேவை. இந்த மருந்தைத் தொடர்ந்து சாப்பிடுபவர்களிடையே சாவு குறைகிறது.

இன்னொரு உண்மையும் தெரிந்திருக்கிறது. சில வாரம் போதையை விட்டிருந்தவர், சிறையிலிருந்தோ ஆஸ்பத்திரியிலிருந்தோ வந்ததும் பழைய அளவை எடுத்தால் உயிர் போகலாம். ஏனென்றால் உடம்பின் தாங்கும் சக்தி அதற்குள் குறைந்திருக்கும். வீட்டார் கண்ணும் கருத்துமாக இருக்க வேண்டிய காலம் அதுதான். ஒருவர் எழுப்பினால் எழாமல், மூச்சு மெலிந்து, உதடு நீலம் பூத்துக் கிடந்தால் அதைத் தூக்கம் என்று விட்டுவிடக்கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். நலாக்சோன் என்ற மாற்று மருந்து நின்று போகும் மூச்சைத் திருப்பிக் கொண்டு வரும்.

1987-ல் ஐக்கிய நாடுகள் சபை ஜூன் 26-ந் தேதியைப் போதைப்பொருள் எதிர்ப்பு நாளாக அறிவித்தது. ஹூமென் வேலை முடிந்த ஜூன் 25-க்கு அடுத்த நாள் அது. நியூயார்க் நகரத்திலும் இன்று லின்னுக்குச் சிலை இருக்கிறது.

பத்து லட்சம் கிலோ அபினியைக் கரைக்க லின்னுக்கு 23 நாள் போதுமாயிருந்தது. ஒரு மனிதனை அபினியிலிருந்து மீட்க அதைவிட அதிக நாள் வேண்டும். மருந்து வேண்டும், கூட இருப்பவர்களின் பொறுமையும் வேண்டும்.